சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: வரலாறும் பணிகளும் – மேச்சேரி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு கற்பிக்கும் மருத்துவமனை நோயைத் தீர்க்கும் இடமாகவும் மருத்துவரை உருவாக்கும் இடமாகவும் ஒரே நேரத்தில் இயங்குகிறது. இவ்விரு கடமைகளும் ஒன்றையொன்று தாங்குவதும் உண்டு; ஒன்றையொன்று நெருக்குவதும் உண்டு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோற்றம், வளர்ச்சி, பணிகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. மருத்துவமனையை அதன் கட்டடத்திற்குள்ளிருந்து மட்டும் நோக்காமல், அதற்கு நோயாளிகளை அனுப்பும் மேச்சேரி போன்ற சிற்றூர்ப் பகுதியிலிருந்து நோக்குவது இதன் அணுகுமுறை. சிற்றூரிலுள்ள முதல்நிலை மருத்துவம் வலுவாக இருக்கும் அளவுக்கே நகரத்து உயர்நிலை மருத்துவம் பயன்தரும் என்பதும், நோயாளியின் மொழியை அறிவது மருத்துவக் கல்வியின் இன்றியமையாத பகுதி என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: கற்பிக்கும் மருத்துவமனை, சேலம், மேச்சேரி, பொதுச் சுகாதாரம், மருத்துவக் கல்வி, பாம்புக்கடி, மருத்துவத் தமிழ்.

முன்னுரை

சேலம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மேட்டூர் வட்டத்தில் அமைந்த பேரூர் மேச்சேரி. பத்திரகாளியம்மன் கோயிலாலும், ஊர்ப்பெயரையே தன் பெயராகக் கொண்ட மேச்சேரி ஆட்டினத்தாலும் இவ்வூர் வெளியுலகில் அறியப்படுகிறது. மானாவாரி வேளாண்மை, ஆடு வளர்ப்பு, விசைத்தறி ஆகியவை இவ்வட்டாரத்து மக்களின் வாழ்வாதாரங்கள். இங்கிருந்து மேட்டூர் அணை அருகிலேயே உள்ளது. ஓமலூர் வழியாகச் சேலம் நகரம் ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவு.

இத்தொலைவு சாதாரண நாளில் ஒரு பேருந்துப் பயணம். பேறுகால இரத்தப்போக்கோ பாம்புக்கடியோ நேர்ந்த நாளில் அதுவே உயிருக்கும் இறப்புக்கும் இடைப்பட்ட தொலைவாக மாறுகிறது. ஆகவே, நகரத்து மருத்துவமனையின் வரலாற்றை எழுதுவோர் அதன் வாயிலில் தொடங்குவதைக் காட்டிலும் நோயாளி புறப்படும் இடத்தில் தொடங்குவது பொருத்தமாகும்.

கற்பிக்கும் மருத்துவமனை: கருத்தும் பின்புலமும்

தமிழகத்தில் மேலை மருத்துவமனையின் வரலாறு 1664-இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரர்களுக்காக அமைக்கப்பட்ட அச்சிறு மருத்துவமனை 1772-இல் இன்றைய இடத்திற்கு மாறியது. 1835-இல் அதனுடன் இணைந்து மருத்துவப் பள்ளி தோன்றியது. பின்னாளில் அது சென்னை மருத்துவக் கல்லூரியாயிற்று. மருத்துவமனை முதலில், பள்ளி பின்னர் என்னும் இவ்வரிசை கவனிக்கத்தக்கது. நோயாளிகள் திரண்ட இடத்தை நாடியே கல்வி வந்தது. இதே வரிசையைச் சேலத்திலும் காணலாம்.

ஏறத்தாழ அதே காலத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வேறொரு முயற்சி நிகழ்ந்தது. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழிலேயே மருத்துவம் கற்பித்து மாணவர்களை உருவாக்கிய அவருடைய முயற்சியில் ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875) முதலிய நூல்கள் வெளிவந்தன. மருத்துவர் தம் ஊரிலேயே தம் மக்களிடையே பணிபுரிய வேண்டுமாயின் அவர்கள் மொழியிலேயே கற்க வேண்டும் என்பது அம்முயற்சியின் அடிப்படை. சென்னை மரபு ஆங்கிலவழியில் நிலைபெற்றது. மானிப்பாய் மரபு தொடரவில்லை. இவ்வேறுபாட்டின் விளைவு இன்றும் வார்டுகளில் உணரப்படுவதைக் கட்டுரையின் பிற்பகுதி சுட்டும்.

விடுதலைக்குப் பிந்தைய மருத்துவ அமைப்புக்கு அடித்தளமிட்டது 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை. ஆரம்ப சுகாதார நிலையம், இடைநிலை மருத்துவமனை, மாவட்ட மருத்துவமனை என்னும் படிநிலையை அது முன்வைத்தது. நோய்த்தடுப்பும் சமூக மருத்துவமும் மருத்துவக் கல்வியில் இடம்பெற வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. தமிழகத்தில் இதற்கு முன்பே 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனி இயக்ககமும் தனிப் பணியாளர் மரபும் தமிழகத்தில் நிலைத்தமைக்கு இவ்வரலாறு ஒரு காரணம். 1966-இல் மருத்துவக் கல்விக்கெனத் தனி இயக்ககம் பிரிக்கப்பட்டது. இதன் பயனாகச் சிற்றூரின் சுகாதார நிலையம் ஒரு துறையின்கீழும், வட்ட மருத்துவமனை இன்னொரு துறையின்கீழும், கல்லூரி மருத்துவமனை மூன்றாவது துறையின்கீழும் இயங்குகின்றன. ஒவ்வொரு துறையும் தன் பணியில் தேர்ச்சி பெற இது உதவியது. நோயாளியோ இம்மூன்று துறைகளின் எல்லைகளையும் ஒரே இரவில் கடக்க வேண்டியவராகிறார்.

சேலத்தில் மருத்துவக் கல்லூரி

சேலம் நகரில் மாவட்டத் தலைமை மருத்துவமனையாக விளங்கிய அரசு மருத்துவமனையை அடிப்படையாகக் கொண்டு 1986-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதற்கு மோகன் குமாரமங்கலத்தின் பெயர் சூட்டப்பட்டது. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1926 முதல் 1930 வரை இருந்த ப. சுப்பராயனின் மகனான அவர், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்தவர். தமிழக அரசின் தலைமை வழக்கறிஞராகவும் பின்னர் நடுவண் அரசின் எஃகு, சுரங்கத் துறை அமைச்சராகவும் பணியாற்றிய அவர் 1973 மே 31 அன்று தில்லிக்கு அருகே நேர்ந்த வானூர்தி விபத்தில் உயிரிழந்தார்.

மருத்துவமனை நகரின் நடுவே, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டிய பகுதியில் உள்ளது. கல்லூரியோ நகருக்கு வெளியே, உருக்காலைச் சாலையில் அமைந்தது. எஃகுத் துறை அமைச்சராக இருந்தவரின் பெயர் தாங்கிய கல்லூரி உருக்காலைக்குச் செல்லும் சாலையில் அமைந்திருப்பது பொருத்தமான ஒன்று. ஆனால் இவ்விட அமைப்புக்குக் கல்வி சார்ந்த பொருளும் உண்டு. உடற்கூறு, உடலியங்கியல் போன்ற அடிப்படைப் பாடங்கள் ஓரிடத்திலும் நோயாளியருகே கற்கும் பாடங்கள் வேறிடத்திலும் நிகழ்கின்றன. மாணவர் நாள்தோறும் கல்லூரியிலிருந்து மருத்துவமனைக்குப் பயணிக்கிறார். நூலிலிருந்து நோயாளியை நோக்கிய பயணமாகவும் அது அமைகிறது.

கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டுக்கு 100 மாணவர்கள் இளநிலை மருத்துவப் படிப்பில் சேர்கின்றனர். காலப்போக்கில் முதுநிலைப் படிப்புகளும் சேர்ந்தன. மருத்துவமனையின் அடுத்த பெரும் வளர்ச்சி, 2006-இல் நடைமுறைக்கு வந்த பிரதமரின் சுகாதாரப் பாதுகாப்புத் திட்டத்தால் நிகழ்ந்தது. இத்திட்டத்தின் முதற்கட்டத்தில் மேம்பாட்டிற்காக நாடு முழுவதும் 13 மருத்துவ நிறுவனங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் தமிழகத்திலிருந்து இடம்பெற்றது சேலம் மருத்துவக் கல்லூரியே. இதன்வழி உயர்சிறப்பு மருத்துவப் பிரிவுக் கட்டடம் எழுந்தது. அதுவரை சென்னைக்கோ கோவைக்கோ மதுரைக்கோ செல்ல வேண்டியிருந்த இதய, நரம்பு, சிறுநீரக நோயாளிகளுக்குச் சேலத்திலேயே அரசு மருத்துவம் கிடைக்கும் நிலை உருவாயிற்று.

படிநிலையும் பாதையும்

மேச்சேரி வட்டாரத்து நோயாளி சேலம் சென்றடையும் பாதை பல படிகளைக் கொண்டது. துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியர் முதற்படி. ஆரம்ப சுகாதார நிலையம் இரண்டாம் படி. சேலம் மருத்துவமனை கல்லூரி மருத்துவமனையானபின், மாவட்டத்தின் அரசுத் தலைமை மருத்துவமனை என்னும் நிலையை மேட்டூர் மருத்துவமனை பெற்றது. எனவே மேச்சேரிப் பகுதிக்கு மேட்டூர் மூன்றாம் படி. சேலம் நான்காம் படி.

இப்படிநிலையை இணைக்கும் கண்ணிகள் பின்னரே வலுப்பெற்றன. 2008-இல் தமிழகத்தில் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவை அவற்றுள் முதன்மையானது. அதற்கு முன்னர் வாடகைக் காரோ பால் வண்டியோ கிடைக்கும்வரை காத்திருத்தல் சிற்றூர்களில் இயல்பான நிகழ்வாக இருந்தது. மருந்துகளின் தொடர் வழங்கலுக்கு 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழிவகுத்தது. மருந்துகளை மாநில அளவில் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்து, ஒவ்வொரு மருத்துவமனையும் தன் தேவைக்கேற்பப் பெற்றுக்கொள்ளும் முறையை அது ஏற்படுத்தியது. சிற்றூர் நிலையத்திலும் நகர மருத்துவமனையிலும் ஒரே மருந்து கிடைக்கச் செய்தமை இம்முறையின் சிறப்பு. பிற மாநிலங்களும் இதனைப் பின்பற்றின.

மருத்துவப் பணிகள்

அ. மகப்பேறும் பச்சிளங்குழந்தை மருத்துவமும்

சேலம் மாவட்டத்தின் மகப்பேற்று மருத்துவத்தைப் பெண்சிசு வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டமைக்குக் காரணம், பெண்சிசுக்கொலை இம்மாவட்டத்தில் பரவலாக இருந்ததே. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளைக் கொண்டு ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, இக்கொடுமை சில மாவட்டங்களை இணைக்கும் தொடர் நிலப்பகுதியில் செறிந்திருந்ததை வெளிப்படுத்தியது. செவிலியர் நாள்தோறும் எழுதிய பதிவேடே சமூக ஆய்வின் மூலச்சான்றாயிற்று.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 1,000 ஆண்களுக்குப் பெண்களின் எண்ணிக்கை சேலம் மாவட்டத்தில் 1991-இல் 849; 2001-இல் 851; 2011-இல் 916. முதல் பத்தாண்டில் ஏறத்தாழ அசைவற்றிருந்த விகிதம் அடுத்த பத்தாண்டில் உயர்ந்தது. இவ்வுயர்வை எந்த ஒரு நிறுவனத்தின் சாதனையாகவும் கொள்ள இயலாது. சட்டம், கல்வி, தொண்டு அமைப்புகளின் பணி, உதவித்தொகைகள், குடும்ப அளவின் மாற்றம் ஆகிய பலவும் இதில் பங்கேற்றுள்ளன. எனினும் பிரசவம் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு மாறியது ஒரு முக்கியத் திருப்பம். மருத்துவமனையில் பிறந்த குழந்தை எடையிடப்படுகிறது, பெயர்ப்பட்டை அணிகிறது, பதிவேட்டில் ஏறுகிறது, தடுப்பூசிக்காகத் தேடப்படுகிறது. ஆளறியாமல் மறைந்துபோவது அக்குழந்தைக்குக் கடினமாகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழகப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. 

கல்லூரி மருத்துவமனையின் பங்கு இங்குச் சிக்கலான பேறுகளைக் கையாள்வதில் உள்ளது. உயர் இரத்த அழுத்தத்தால் வலிப்புக்குள்ளாகும் கருவுற்றோர், கடும் இரத்தசோகையுடன் வருவோர், குறைமாதக் குழந்தைகள் ஆகியோருக்கு இரத்த வங்கியும், மயக்கவியல் மருத்துவரும், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது உயிர்காக்கும் அமைப்பாகும்.

ஆ. பாம்புக்கடி: ஓர் எடுத்துக்காட்டு

படிநிலை மருத்துவத்தின் வலிமையையும் வலுவின்மையையும் ஒருங்கே காட்டும் நோய்நிலை பாம்புக்கடி. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவான ஒரே நஞ்சுமுறி மருந்து இந்தியாவில் பயன்படுகிறது. அதன் உற்பத்திக்குத் தேவைப்படும் நஞ்சின் பெரும்பகுதி, 1978-இல் அமைக்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திடமிருந்து கிடைத்து வந்துள்ளது. நவீன மருத்துவத்தின் ஒரு மருந்து பழங்குடி அறிவின்மீது நிற்பதற்கு இது தக்க சான்று.

விரியன் நஞ்சு குருதி உறைதலைக் கெடுக்கும். இதனைக் கண்டறிய உயர்தர ஆய்வகம் தேவையில்லை. நோயாளியின் இரத்தத்தில் 2 மி.லி. எடுத்து, உலர்ந்த தூய கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் போதும். உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியுள்ளது எனக் கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யத்தக்க சோதனை இது. நஞ்சுமுறியின் முதல் அளவையும் அங்கேயே செலுத்த இயலும். அவ்வாறு செலுத்தாமல் நோயாளியை உடனே நகரத்துக்கு அனுப்பினால், பயண நேரம் முழுவதும் நஞ்சுக்கே பயன்படுகிறது.

அதன்பின் தேவைப்படுபவையே பெரிய மருத்துவமனைக்குரியவை. கண்ணாடி விரியன் கடித்தோருக்குச் சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ் வேண்டும். கட்டுவிரியன் கடித்தோருக்கு மூச்சுத்தசைகள் தளர்ந்தால் நாட்கணக்கில் வென்டிலேட்டர் வேண்டும். முதற்படியில் நஞ்சுமுறி, வழியில் மூச்சுக்காப்பு, இறுதிப்படியில் உறுப்புக்காப்பு என மூன்றும் தொடராக அமையும்போதே உயிர் பிழைக்கிறது. தொடரில் எந்தக் கண்ணி அறுந்தாலும் இறுதிப்படியின் சிறப்பு பயனற்றுப்போகிறது.

இ. விபத்தும் உயர்சிறப்பு மருத்துவமும்

வடக்கு-தெற்காக ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44 சேலத்தைத் தொட்டுச் செல்கிறது. தருமபுரி மாவட்ட எல்லையிலுள்ள தொப்பூர்க் கணவாய் தொடர் விபத்துகளுக்குப் பெயர்பெற்றது. மேச்சேரி வட்டாரத்தினர் பயன்படுத்தும் சாலைகளும் இந்நெடுஞ்சாலையுடனேயே சென்று சேர்கின்றன. ஆகவே தலைக்காயமும் எலும்பு முறிவும் சேலம் மருத்துவமனையின் அன்றாடப் பணியாகின்றன. விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. 2009-இல் அறிமுகமான உயிர்காக்கும் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் அரசு மருத்துவமனைகளின் நிதியமைப்பையே மாற்றின. சிகிச்சைக்குரிய காப்பீட்டுத் தொகை அரசு மருத்துவமனைக்கும் வருவதால் கருவிகளும் வசதிகளும் பெருக வழி பிறந்தது.

கொரோனா பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், 2021 மே மாதத்தில், சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் கொண்ட சிகிச்சை மையம் அமைக்கப்பட்டது. ஆலையின் ஆக்சிஜன் அங்கேயே நோயாளிகளுக்குப் பயன்பட்டது. மருத்துவமனையின் எல்லை நெருக்கடிக்காலத்தில் எவ்வாறு விரிகிறது என்பதற்கு இது சான்று.

கற்பித்தலும் நோயாளியின் மொழியும்

கற்பிக்கும் மருத்துவமனையில் நோயாளியே முதற்பாடநூல். மாணவர் முதலில் கற்பது நோய்வரலாறு கேட்டல். நோயாளி தமிழில் சொல்கிறார். மாணவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். இம்மொழிமாற்றத்தில் சில இழக்கப்படுகின்றன.

நோயாளிகளின் பேச்சில் இடக்கரடக்கலும் மங்கல வழக்கும் மிகுதி. கருவுற்றிருத்தலை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பர். மாதவிலக்கைத் ‘தூரம்’ என்பர். மலங்கழித்தலை ‘வெளிக்குப் போதல்’ என்பர். பாம்பின் பெயரைச் சொல்லத் தயங்கிப் ‘பூச்சி கடித்துவிட்டது’ என்று கூறும் வழக்கும் தமிழகச் சிற்றூர்களில் உண்டு. இலக்கண நூல்கள் தகுதி வழக்கு என வகுத்தவை இங்கு உயிர்நிலைச் செய்திகளாகின்றன. ‘பூச்சி’ என்பதைச் சொற்பொருளாகவே கொள்ளும் இளம் மருத்துவர் ஒவ்வாமை மருந்து கொடுத்து அனுப்பிவிட நேரலாம்.

கட்டுவிரியன் கடி இதனை மேலும் தெளிவாக்கும். இரவில் தரையில் உறங்குவோரை அது கடிக்கும்போது பெரும்பாலும் வலியோ வீக்கமோ தோன்றுவதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டையடைப்பு, ‘கண்ணைத் திறக்க முடியவில்லை’ என்னும் முறையீடு ஆகியவற்றுடனேயே நோயாளி வருகிறார். பாம்பைப் பற்றி அவருக்கே தெரியாது. ‘நேற்றிரவு எங்கே படுத்திருந்தீர்கள்?’ என்னும் எளிய தமிழ்க் கேள்வியே நோயைக் கண்டறியும் கருவி. இக்கேள்வியைக் கேட்கச் சிற்றூர் வாழ்வு தெரிந்திருக்க வேண்டும்.

இந்நோக்கில் 2020-ஆம் ஆண்டின் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் மருத்துவச் சேர்க்கை பற்றியதாக மட்டும் அமையவில்லை. அரசுப் பள்ளிகளில் பயின்றோர் மருத்துவ மாணவராகும்போது, நோயாளியின் மொழியையும் வாழ்நிலையையும் பிறப்பாலேயே அறிந்தோர் வார்டுக்குள் வருகின்றனர். அவர்களுக்கு ஆங்கிலப் பாடநூல் தடையாகலாம். நோயாளியின் பேச்சு தடையாகாது. மானிப்பாயில் கிறீன் எண்ணியதன் ஒரு பகுதி வேறு வழியில் நிறைவேறுவதாக இதனைக் கொள்ளலாம்.

சுமையும் பகிர்வும்

1986-இல் தொடங்கியபோது சேலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தன் மாவட்டத்துக்கு மட்டுமன்றிச் சுற்றியுள்ள பெரும்பகுதிக்கும் உயர்நிலை அரசு மருத்துவமனையாக அமைந்தது. அன்றைய சேலம் மாவட்டத்தில் நாமக்கல்லும் அடங்கியிருந்தது. தருமபுரியில் 2008-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் நாமக்கல், கிருஷ்ணகிரி, கள்ளக்குறிச்சி ஆகியவையும் அடங்கும். சேலத்தைச் சூழ்ந்த மாவட்டங்களில் இவ்வாறு கல்லூரிகள் தோன்றியமை சுமையைப் பகிரும் வாய்ப்பைத் தருகிறது.

ஆனால் கல்லூரிகளின் எண்ணிக்கை மட்டும் நெரிசலைக் குறைத்துவிடாது. காய்ச்சலுக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் மக்கள் நகரத்துப் பெரிய மருத்துவமனையையே நாடினால், சிக்கலான நோயாளிக்குரிய நேரம் குறைகிறது. மாணவருக்குக் கற்பிக்கும் நேரமும் குறைகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்த, நீரிழிவு நோயாளிகளுக்கு வீட்டிலேயே மாத்திரை வழங்குவதன்மூலம் இச்சுமையைக் கீழ்ப்படியிலேயே தாங்க முயல்கிறது. மேல்நிலை மருத்துவமனைக்குச் செய்யப்படும் பேருதவி, அங்கு வரத் தேவையில்லாதோர்க்கு அவர்கள் ஊரிலேயே நம்பத்தகுந்த மருத்துவம் தருவதேயாகும்.

எதிர்த்திசை இணைப்பும் வேண்டும். சேலத்தில் சிகிச்சை முடிந்து திரும்பும் நோயாளியைப் பற்றிய செய்தி, அவருடைய ஊரின் சுகாதார நிலையத்துக்கும் சென்று சேர வேண்டும். அவர் கையில் தரப்படும் வெளியேற்றக் குறிப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருப்பின் அது அவருக்கு வெற்றுத்தாள். எந்த மாத்திரை, எத்தனை நாள், எந்த அறிகுறி தோன்றினால் உடனே திரும்ப வேண்டும் என்னும் மூன்று செய்திகள் தமிழில் இருந்தாலே அது மருத்துவத்தின் பகுதியாகிவிடும். மருத்துவக் கல்லூரியும் தமிழ்த்துறைகளும் இணைந்து செய்யத்தக்க பணி இது. வட்டார நோய்ச்சொற்களைத் தொகுத்து மாணவர்க்கு வழங்கும் சிறு அகராதி இதன் தொடக்கமாக அமையலாம்.

முடிவுரை

மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்து 1986-இல் கல்லூரி மருத்துவமனையாகவும், பின்னர் உயர்சிறப்பு மருத்துவ நிலையமாகவும் வளர்ந்தது சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நோயாளிகள் திரண்ட இடத்தை நாடிக் கல்வி வந்தது என்னும் தமிழக மரபையே இவ்வரலாறும் உறுதிப்படுத்துகிறது.

பெண்குழந்தை விகிதம், பாம்புக்கடி, சாலை விபத்து ஆகிய மூன்றும் ஒரே முடிவை நோக்கிச் செல்கின்றன. மருத்துவமனையின் தரத்தை அதன் கருவிகளைக் கொண்டு மட்டும் அளக்க இயலாது. அதனை வந்தடையும் பாதையின் ஒவ்வொரு படியையும் கொண்டே அளக்க வேண்டும். மேச்சேரியில் செலுத்தப்படும் முதல் ஊசியும் சேலத்தில் இயங்கும் வென்டிலேட்டரும் ஒரே சிகிச்சையின் இரு பகுதிகள்.

கற்பித்தலும் இதிலிருந்து வேறானதன்று. நோயாளியின் சொல்லைப் பொருளறிந்து கேட்கும் மருத்துவரை உருவாக்குவதே கற்பிக்கும் மருத்துவமனையின் தலையாய பணி. அப்பணியில் தமிழாய்வுக்கும் உரிய இடமுண்டு.